வெந்நீர் வரவில்லை

புரட்டாசியில் ஒரு செவ்வாய் ராத்திரி
பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே
பன்னிரண்டு பேர்
என் வீட்டில் தங்கியதாக எழுதியிருக்கிறார்கள்.
அன்றைக்கு நாலு அறையும் காலி.
பதினேழாவது வளைவில் மரம் சாய்ந்து
மலைக்கு ஒரு வண்டி ஏறவில்லை.
ஆளுக்கொரு நட்சத்திரம் மட்டும் ஏறி வந்திருக்கிறது.

"லிஃப்ட் ஓடவில்லை" என்கிறார்
ட்ராவல் ராஜா நாற்பத்தேழு.
ஐயா, என் வீட்டுக்கு மாடியே கிடையாது.
"நீச்சல் குளத்தில் பாசி."
பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது.
அதில் இறங்கி நீந்தியிருந்தால்
தப்பு உங்கள் பேரில்.
"ஜன்னலைத் திறந்தால் கடல் நாற்றம்."
இவருக்குத்தான் பதில் எழுதத் தெரியவில்லை.
நாகலூர் ரோட்டில்
காப்பிப் பூ மணக்கும்,
மழை விட்டால் காட்டெருமைச் சாணம் மணக்கும்.
கடல் வந்து சேர
இன்னும் சில யுகம் பிடிக்கும்.

அடுத்த வளைவில் புதிதாய்த் திறந்த
ரிசார்ட்காரர் வேலை என்கிறார் பால்காரர்.
எனக்குச் சாட்சி இல்லை.
ஞாயிற்றுச் சந்தையில் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.
கேரட்டைப் பொறுக்கிக்கொண்டே
நானும் சிரிக்கிறேன்.

நாலு புள்ளி ஆறு
மூன்று புள்ளி நாலு ஆனது.
தீபாவளிக்கு வருவதாயிருந்த பெங்களூர்க் குடும்பம்
ரத்து செய்துவிட்டது.
காரணம் என்ற கட்டத்தில்:
"குழந்தைகள் இருக்கிறார்கள்."

பன்னிரண்டின் மீதும் புகார் கொடுத்தேன்,
ஒவ்வொன்றாய்,
மிளகு காயப்போட்ட சாக்கில் உட்கார்ந்தபடி.

அதற்குள் சேலம் நாலு ரோட்டிலிருந்து
தீபன் என்றொருவர் போன் செய்தார்.
"அஞ்சு ஸ்டார் ஒண்ணு எண்பது ரூபா அக்கா.
அம்பது எடுத்தா அறுபது.
ஆம்பளை பேரு, பொம்பளை பேரு,
வெளிநாட்டுப் பேருகூட இருக்கு."
ஒரு ஸ்டாரும் விற்பீர்களா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதுக்கு ரேட்டு வேற அக்கா."

கோபமாய் வைத்தேன் போனை.
வைத்த பிறகுதான் தென்னரசு ஞாபகம் வந்தது.
சித்தி மகன், ஓசூரில் வேலை.
திறந்த மாதம் நான் கேட்டேன் என்று
நாலு பெயரில் எழுதினான்:
"சொர்க்கம்!" "மறக்கவே முடியாது!"
இன்றுவரை அவன் இந்த மலை ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.
பரிசீலித்தார்களாம்.
லிஃப்ட் இருக்கிறது. குளம் இருக்கிறது.
ஏற்காட்டில் கடலும்
விதிகளுக்கு உட்பட்டே இருக்கிறது.
ஒன்றை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

எது என்று தேடினேன்.
முதல் நாள் எடுத்துவைத்த படத்தில்
கடைசியாய் இருந்தது அது,
நான் சரியாய்ப் படிக்காதது.
"வெந்நீர் வரவில்லை. சொன்னேன்.
வரும் வரும் என்றார்கள்.
காய்ச்சலோடு இருந்த பிள்ளையை
பச்சைத் தண்ணீரில் துடைத்தேன்."
சுகந்தி மாதேஸ்வரன்.

நோட்டைப் புரட்டினேன்.
ஆடி இருபது, மூன்றாம் அறை, ஓமலூர்.
சாய்ந்த கையெழுத்து, கீழே நம்பர்.
அன்று அந்த அறை வாசலில் நின்று
போனில் யாரிடமோ பேசிக்கொண்டே
வரும் வரும் என்றது நான்தான்.
வேறு யாரும் இந்த வீட்டில் வேலைக்கு இல்லை.

பெரியதம்பி வந்து கெய்சரைப் பிரித்தார்.
காயில் முழுக்கச் சுண்ணாம்பு.
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.
அவர் போன பிறகு
குழாயைத் திறந்துவிட்டு
கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.
சில்லிட்டது. சில்லிட்டது.
பிறகு சுட்டது.

தென்னரசுவிடம் இன்னும் பேசவில்லை.
பேச வேண்டும்.

ஓமலூர் நம்பரை அழுத்தினேன்.
"யாருங்க?"
"ஏற்காடுங்க. மூணாம் நம்பர் ரூமு.
வெந்நீர் வருதுங்க."
அந்தப் பக்கம் ஒரு குழந்தை
எதையோ கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது.
"இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"
"இதைச் சொல்லத்தாங்க."